நாத்தனார் ஒத்தாசை

போன வாரம் திண்டிவனம் கடன் ஆலோசனை ஆபீசுக்கு, புதுசாக வேலைக்குச் சேர்ந்த உங்களைப் பார்க்க வந்தபோது, உங்களில் ஒரு பெண் கேட்டாள். "மேடம், கடன்ல இருக்கிறவங்க வீட்டுக்குப் போனதும் முதல்ல இன்னா கேக்கணும்?" நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். ரிடையர் ஆனவளுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை, முழுசாகப் படித்துவிடுங்கள்.

முதலில் எதைக் கேட்கக்கூடாது என்று சொல்கிறேன். "மாசம் பூவுக்கு எவ்வளவு செலவு? டீக்கு எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண் அதையெல்லாம் நீங்கள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே நிறுத்தியிருப்பாள். நீங்கள் சொல்லி அவள் குறைக்க இனி அந்த வீட்டில் ஒன்றும் இருக்காது. அப்படியும் மாதாமாதம் துண்டு விழுகிறது என்றால் வேறு எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை பல சமயம் அவளுக்கே தெரியாது.

செல்வி என்று ஒருத்தி. அது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. முகையூர்ப் பக்கம் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பெங்களூரில் வேலை என்று போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். போனும் நின்றுபோனது. செல்வி ஒரு தனியார் பள்ளியில் ஆயா. வேன் வரும்போது குழந்தைகளை இறக்கி, திரும்ப ஏற்றிவிட்டு, நடுவில் வகுப்பறை பெருக்கும் வேலை. பிளஸ் டூ முடித்த பெண் ஒன்று, எட்டாவது படிக்கும் பையன் ஒன்று. ஒற்றை அறை வாடகை வீடு.

அவள் எங்கள் ஆபீசுக்கு வந்தது ஒரு மே மாதம். பள்ளி ஆயாக்களுக்கு மே மாதம் என்றாலே பயம். லீவு மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"மேடம், மெட்ராஸ்ல பெரிய துணிக்கடைக்கு ஆள் எடுக்கறாங்களாம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. என் பொண்ணை ரெண்டு வருஷத்துக்கு அனுப்பினா முப்பதாயிரம் முன்பணம் தர்றேன்னு ஏஜெண்ட் சொல்லிக்கினு இருக்கிறாரு. அதை வாங்கிக் கட்டிட்டா என் கடன் முடிஞ்சிடுமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

"பொண்ணு இன்னா மார்க்கு?"

அவள் மார்க்கைச் சொன்னாள். அரசு கலைக் கல்லூரியில் கேட்ட பாடம் கிடைக்கிற மார்க்கு.

"பொண்ணுக்கு இன்னா இஷ்டம்?"

"அது இன்னா சொல்லும்? அம்மா கஷ்டம் தெரிஞ்ச பொண்ணு. சரின்னு சொல்லிடுச்சு." அதைச் சொல்லும்போது செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல இரண்டு வாரம் இருந்தது. அவர் ஒரு சனிக்கிழமை வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

வீட்டில் வந்து கணக்குப் பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் உண்மைக் கணக்குச் சொல்வதில்லை. பொய் சொல்வார்கள் என்று அர்த்தமில்லை, ஞாபகம் வராது. வீட்டில் அரிசி டப்பாவைப் பார்த்தால் மளிகைக்கடை பாக்கி ஞாபகம் வரும்.

நான் போனபோது அவள் விதைக்கு மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தாள். ஆனிப் பட்டத்துக்கு விதைப்பவர்கள் கையால் உடைத்த பருப்பைத்தான் கேட்பார்கள். மிஷினில் போட்டால் முனை உடைந்து முளைக்காது. வியாபாரி மூட்டையை வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போவார். உடைத்துக் கொடுத்தால் எடைக்குக் கூலி. மே மாதம் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில்தான்.

நான் பையிலிருந்து பேனாவை எடுத்ததும் அவள் முகம் மாறியது. வசூலுக்கு வருகிறவர்களும் இப்படித்தான் பேனாவோடு வந்து உட்காருவார்கள். பேனாவைப் பையில் போட்டுவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு கை மல்லாட்டையை அள்ளித் தரையில் வைத்தேன்.

"ஒரு காய் நூறு ரூபா. ஸ்கூல் இருக்கிற மாசத்துக்கு வரவு எவ்வளவு, வை பாக்கலாம்."

அவளுக்கு அது பிடித்துப்போனது. சம்பளத்துக்கு ஒரு குவியல் வைத்தாள். அரசாங்கம் தரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்துக்குப் பத்துக் காய். கடைசியாக இன்னொரு பத்துக் காயைப் பொறுக்கி எடுத்துத் தனியாக வைத்தாள்.

"இது இன்னா?"

"நாத்தனார் ஒத்தாசைங்க. எங்க வூட்டுக்காரரோட அக்கா. இதே தெருவுலதான் இருக்கறாங்க. முன்னூறு, எரநூறுன்னு மாசத்துல மூணு நாலு வாட்டி குடுப்பாங்க. கூட்டிப் பாத்தா ஆயிரம் வரும். அவங்க இல்லைன்னா நாங்க எப்பவோ செத்துப் பூட்டிருப்போம் மேடம்."

நம் ஆபீஸ் படிவத்தில் வருமானத்துக்குக் கீழே 'உறவினர் உதவி' என்று ஒரு கட்டம் உண்டு, உங்களுக்குத் தெரியும். அதை அங்கேதான் நிரப்ப வேண்டும் என்று நானும் மனசில் குறித்துக்கொண்டேன்.

பிறகு செலவு. வாடகை, அரிசி, மளிகை, கரண்டு, பையனுக்கு நோட்டு. அதற்கப்புறம் கடன். எத்தனை கடன் என்றதற்கு ரெண்டு என்றாள். பையனுக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தபோது வாங்கியது ஒன்று, அதற்குச் செவ்வாய்க்கிழமை தோறும் டியூ. வீட்டுக்காரம்மாவிடம் கைமாற்றாக வாங்கியது இன்னொன்று. இரண்டுக்கும் காயை எடுத்து நகர்த்தினாள். பார்த்தால் வரவில் பன்னிரண்டு காய் மிச்சமே இருந்தது. ஆனால் ஆபீசுக்கு வந்தபோது மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு துண்டு விழுவதாகச் சொன்னவளும் அவள்தானே. கணக்கு இடித்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. "கடன் எவ்வளவு?" என்று கேட்டது போதாது. "யாருக்காவது பேர் குடுத்திருக்கியா?" என்று கேளுங்கள். கடன் கம்பெனிகள் நம் பக்கத்தில் நடத்தும் பெண்கள் குழுக்களில் இருக்கும் பழக்கம் இது. ஒருத்தி பழைய கடனைச் சரியாகக் கட்டாமல் கம்ப்யூட்டரில் பேர் அடிபட்டுப் போயிருக்கும், புதுக் கடன் கிடைக்காது. அவளுக்காக இன்னொருத்தி தன் பெயரில் கடனை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். அதைக் கடன் என்றே சொல்லமாட்டார்கள். பேர் கொடுத்தது என்பார்கள். அதனால் கடனைக் கேட்டால் அது வாயில் வராது.

"அண்ணிக்குத்தான் குடுத்தேன்," என்றாள் செல்வி, மல்லாட்டையை உடைத்துக்கொண்டே. நாத்தனாரைத்தான் அவள் அண்ணி என்பாள். "கறவை மாடு வாங்க."

"வாரம் எவ்வளவு?"

"அறுநூறு. வெள்ளிக்கிழமை டியூ."

"யாரு கட்டறது?"

"எம் பேர்ல இருக்குது, நான்தானே கட்டணும்? அண்ணி முடிஞ்சப்போ ஒத்தாசை பண்றாங்க."

"மாசத்துக்கு இருபத்திநாலு காய் ஆவுதில்ல. அதை எடுத்து அந்தப் பத்துக்குப் பக்கத்துல வை."

வைத்தாள். அவள் உடைப்பதை நிறுத்திவிட்டு இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னக் குவியல் நாத்தனார் தருவது. பெரிய குவியல் நாத்தனாரின் மாட்டுக்காக இவள் கட்டுவது. பிறகு கேட்டாள்.

"அப்போ நான் அவங்ககிட்ட வாங்கித் தின்னலியா மேடம்?"

கேட்டுவிட்டு அழுதாள். அந்தத் தெருவே அவளை நாத்தனார் தயவில் பிழைப்பவள் என்றுதான் பேசியது. அவளும் அதை நம்பி, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட வரிசையில் கடைசியாக நின்று பழகியிருந்தாள். மாதம் ஆயிரத்து நானூறு ரூபாயை அந்த வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே, அந்த வீட்டுக்கு நன்றியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதினாலு காய் கையில் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குக் காட்டினேன். வீட்டுக்காரம்மா கைமாற்று முதலில் முடியும். பிறகு அந்தப் பணமும் சேர்ந்து ஆபரேஷன் கடனை முடிக்கும். மே மாதத்துக்கென்று மாதாமாதம் இரண்டு காய் ஒதுக்கினால் அடுத்த லீவுக்கு யாரிடமும் போக வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் அரசு தரும் மாதம் ஆயிரம் அவள் பேங்க் கணக்கிலேயே விழும். பெண்ணை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் அந்த மாட்டு டியூ ஒன்றில் நின்றது.

"நான் ராணியம்மாகிட்ட பேசட்டுமா?" என்று கேட்டேன். நாத்தனார் பெயர் ராணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி பதறிப்போனாள். "ஐயோ, வேணாங்க. நான் வர நேரமாச்சுன்னா என் பசங்களுக்குச் சோறு போடறது அவங்கதான். அவங்க தம்பியே எங்கள வுட்டுட்டுப் பூட்டான், அவங்க வுடல. அவங்களும் மூஞ்சைத் திருப்பிக்கினா, என் பசங்களுக்கு அப்பா வூடுன்னு சொல்லிக்க யாரு இருக்கறாங்க? பொண்ணையே அனுப்பிடறேன் மேடம். ரெண்டு வருஷம்தானே."

இதற்கு உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் பதில் இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன். நம்மிடம் ஒருத்தி சொன்னதை அவள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது நம் வேலையின் முதல் விதி. சொல்லாமல் இருந்தாலோ ஒரு பெண் துணிக்கடைக்குப் போய் நிற்கப் போகிறாள். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் குழுக்கூட்டத்துக்குப் போனேன். தெருமுனைத் தண்ணீர் டேங்க் நிழலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வசூலுக்கு வந்த தம்பி பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு நடுவில் இருந்தார். செல்வியிடம் முன்னூறுதான் இருந்தது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது, அதுதான் அவர்கள் கம்பெனியில் வழக்கம்.

"ஜல்தி கட்டும்மா, அடுப்புல ஒலை வெச்சிட்டு வந்திருக்கிறேன்," என்றாள் ஒருத்தி. "வாரா வாரம் இதே பேஜாரா போச்சு," என்றாள் இன்னொருத்தி. தம்பி பாவமாக, "அக்கா, நான் பணத்தோட போகலைன்னா மேனேஜர் என்னை நிக்க வெச்சிக் கேப்பாருக்கா," என்றார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது எதிர்வீட்டிலிருந்து ராணி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று நூறு ரூபாய்த் தாளை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "புருஷன் இல்லாத பொண்ணை இப்படியா பேசுவீங்க? நான் குடுக்கறேன், வெச்சிக்குங்க," என்று நீட்டினாள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "நீ ஒருத்திதான் ராணிக்கா அதுங்களுக்குத் தெய்வம் மாதிரி," என்றாள் ஒலை வைத்துவிட்டு வந்தவள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுந்து உண்மையைப் போட்டு உடைத்தால் ஒரே நிமிஷத்தில் ராணியின் முகம் தொங்கிப்போகும். எனக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ராணி ஒரு பைசா கட்டமாட்டாள், அந்தப் பிள்ளைகளுக்கு அத்தையும் இருக்கமாட்டாள். நான் மாலை பஸ்ஸில் விழுப்புரம் போய்விடுவேன், செல்வி அந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வியும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லாதீங்க என்ற பார்வைதான்.

கூட்டம் கலைந்ததும் ராணியே என்னிடம் வந்தாள். நல்ல காரியம் செய்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "வாங்க மேடம், நம்மூட்டுல ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க. சொந்த மாட்டுப் பால்."

போனேன். அவள் வீடும் ஒன்றும் வசதியான வீடு இல்லை. புருஷனுக்கு மூட்டுவலி, வேலைக்குப் போவதில்லை. மகன் பைக்குக்கு மாதத் தவணை. டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவளே ஆரம்பித்தாள்.

"அவளையும் தாங்கிக்கினு என் குடும்பத்தையும் பாத்துக்கினு, கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது மேடம். செல்விக்குக் கணக்குப் போட்டுத் தர்றீங்களாமே, எனக்கும் போட்டுக் குடுங்களேன்."

அவளாகக் கேட்டாள். இது செல்வி சொன்ன ரகசியம் இல்லை, ராணியின் சொந்தக் கணக்கு. செல்வியின் பெயரை எடுக்காமல் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ போகலாம் என்று முடிவு செய்தேன்.

"சரி, பால் எவ்வளவு ஊத்தறீங்க?"

சொன்னாள்.

"தவிடு, புண்ணாக்கு?"

அதையும் விவரமாகச் சொன்னாள். கணக்கில் கெட்டிக்காரி.

"மாடு எப்படி வாங்கினீங்க, கையில இருந்து போட்டா, லோனா?"

"லோனுதான் மேடம்."

"அதுக்கு டியூ எவ்வளவு கட்டறீங்க?"

"வாரம் அறு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

நான் டீயைக் குடித்தேன். பின்னால் மாடு கத்தியது. அவள் முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அது செல்வி பேர்ல இருக்குது," என்றாள் மெதுவாக. "நான்தான் அப்பப்போ..." அதையும் முடிக்கவில்லை.

ராணி ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவள் போட்ட சோறு நிஜம். தம்பி செய்த துரோகத்துக்காகத் தெருவில் தலைகுனிந்ததும் நிஜம். ஆரம்பத்தில் டியூவைத் தானே கட்டியிருக்கிறாள். பிறகு கையைக் கடித்தபோது பாதி கொடுத்திருக்கிறாள். எப்போது அந்தப் பாதிக்கு ஒத்தாசை என்று பெயர் வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. இரக்கப்பட்டுப் பேசுகிற தெரு அந்தப் பெயரை வைத்திருக்கும், இவர்கள் இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவள் என்னோடு சண்டைக்கு வந்திருப்பாள், சண்டை போட்டே தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பாள். "டீ நல்லா இருந்தது ராணிம்மா," என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவள் வாசல் வரைக்கும் வரவில்லை.

அடுத்த வாரம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. புதன்கிழமை செல்வி போன் செய்தாள். "அண்ணிகிட்ட இன்னா சொன்னீங்க மேடம்? நாலஞ்சு நாளா எங்கிட்ட பேசறதில்ல. பசங்களையும் சாப்பிடக் கூப்பிடல. இன்னா ஆச்சுன்னே தெரியல." நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "சரி வுடுங்க. நாளன்னிக்கி டியூ கட்ட நானூறுதான் இருக்குது. சனிக்கிழமை ஏஜெண்ட் வர்றாரு. பொண்ணுக்குப் பையெல்லாம் எடுத்து வெச்சிட்டேன்," என்றாள். ராணியிடம் முழுசாகப் பேசாமல் எழுந்து வந்ததே தப்போ என்று நூறு தடவை நினைத்தேன். உங்களுக்கும் இப்படி நாட்கள் வரும். நாம் செய்தது சரியா தப்பா என்று உடனே தெரியாது, தெரியும் வரைக்கும் அந்தப் பாரத்தோடு வேலை பார்க்கத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் டேங்க் நிழலுக்குப் போனபோது செல்வி இன்னும் வரவில்லை. உடைத்த பருப்பை எடை போட்டுக் கூலி வாங்கிவரப் போயிருந்தாள். ராணி உட்கார்ந்திருந்தாள், பெண்களுக்கு நடுவில், முதல் வரிசையில். குழுவில் பெயர் இல்லாதவள் அங்கே உட்கார்வது வழக்கமில்லை. வசூல் தம்பி வந்து பையைத் திறந்ததும் ஆறு நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.

"செல்விக்கா டியூவா?" என்றார் அவர், வாங்கிக்கொண்டே.

"செல்வி டியூ இல்ல தம்பி. என் மாட்டு டியூ. பேருதான் அவளுது."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாக்கா சொல்றே? அப்போ இத்தினி நாளா யாரு கட்டினது?" என்றாள் ஒருத்தி.

"அவதான் கட்டினா," என்றாள் ராணி. "நான் குடுத்ததெல்லாம் பாதிகூட இல்ல. இனிமே வாராவாரம் நானே வந்து கட்டறேன்." எப்படியோ முழுசாகச் சொல்லிவிட்டாள். யாரும் உச்சுக் கொட்டவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பார்க்காதது போல் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

செல்வி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையில் வியர்வையில் நனைந்த நோட்டு. "நானூறுதான் இருக்குது தம்பி, மீதிய..." என்று ஆரம்பித்தவளிடம், "கட்டியாச்சுக்கா. மாட்டு டியூவை இனிமே வாராவாரம் அவங்களே கட்டறாங்களாம்," என்றார் தம்பி, ராணியைக் காட்டி. அவளால் நம்பமுடியவில்லை. ராணியைப் பார்த்தாள். ராணி தரையைப் பார்த்தபடி, "உங்கூட்டுப் பசங்கள ராத்திரி சாப்பாட்டுக்கு அனுப்பு. ஒரு வாரமா ஒழுங்கா தின்னுச்சுங்களோ இல்லியோ," என்றாள்.

செல்வி அந்த நானூறை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, எங்கள் எல்லாருக்கும் முன்னாலேயே ஏஜெண்டைக் கூப்பிட்டாள்.

"பொண்ணு வரலீங்க," என்றாள்.

அந்தப் பக்கம் அவர் சத்தமாகப் பேசியது எங்களுக்கே கேட்டது. முப்பதுக்கு முப்பத்தைந்தாகத் தருவதாகச் சொன்னார். இத்தனை கடனை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.

"என் கடன் ரெண்டுதாங்க," என்றாள் செல்வி. "அதை நான் கட்டிடுவேன். அவ காலேஜுக்குப் போறா."